பட்டை எடுத்த மரம்

என் அக்கா நட்ட பட்டர் புரூட் மரத்தின் பட்டையை எடுத்தது நான்தான். எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கிடக்கிற தொழிலாளர் வீடுகளில், எல்லோருக்கும் இது தெரியும். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். குடித்துவிட்டுச் செய்தேன் என்கிறான் ஒருவன். சம்சாரம் தூண்டிவிட்டாள் என்கிறான் இன்னொருவன். இரண்டும் பொய். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. சம்சாரத்துக்குத் தெரியவும் தெரியாது. நடந்ததை நானே எழுதிவிட்டால் அந்த வாய்களுக்கு வேலை இருக்காது.

பதுளைப் பக்கம் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டது. அதில் எங்களுக்கு ஒரு கைப்பிடி மண் கிடையாது. நான் மரக் கேங்கில் வேலை. தேயிலைக்கு நிழல் தருகிற சவுக்கு மரங்களுக்குக் கொப்பு வெட்டுவோம், கிழட்டு மரங்களைச் சாய்ப்போம், கட்டையைத் தோண்டுவோம். கிழட்டு மரத்தை நினைத்தவுடன் சாய்க்கக் கூடாது. பச்சையாகச் சாய்த்தால் வேரில் சத்து நிற்கும். அதில் பூஞ்சாணம் பிடித்துப் பக்கத்துத் தேயிலைக்குத் தாவும். அதனால் ஒரு வருஷம் முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை எடுத்துவிடுவோம். இரண்டு விரல் அகலம், உள்ளே வெள்ளைக் கட்டை தெரிகிற வரைக்கும். இலை செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். பட்டை இல்லையென்றால் வேர் பட்டினி கிடந்து சாகும். மேலே கொஞ்ச நாளைக்கு இலை பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

கேங்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஜனங்கள் போஞ்சிக் கொடி, கோவா என்கிற முட்டைக்கோஸ், மிளகாய் போட்டால் தோட்டம் கண்டுகொள்ளாது. பழ மரம் வைத்தால் விடாது. மரம் வைத்தவன் நாளைக்கு இடமும் என்னுடையது என்பான், அந்தப் பயம். யார் வீட்டுப் பின்னாலாவது ஒரு மரம் தலை தூக்கினால் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்து என்னிடம் கையைக் காட்டிவிட்டுப் போவார். நான் போய்ப் பிடுங்குவேன். கொய்யா, மாதுளை, ஆரஞ்சு மாதிரிப் பழம் தருகிற தோடை, எத்தனை என்று ஞாபகமில்லை. கீழ் லயத்தில் ஒருவர் வைத்திருந்த தோடை மரம் மட்டும் ஞாபகமிருக்கிறது. முதல் காய்ப்பு. காய் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுதான்.

"காயி பழுக்கட்டும் தம்பி. ஒரு மாசம் விடு."

"ஒரு மாசம் விட்டா அடுத்த மாசம் பூ வந்துருக்குன்னு சொல்லுவீங்க. தள்ளுங்க."

அவர் தள்ளாமல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆளையே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு வெட்டினேன். கோழி கனம்தான் இருந்தார். கேங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி எங்கள் தோட்டத்தில் மரம் நடுகிற ஆளே இல்லாமல் போனது. மூன்று மாதத்தில் காய்ப்பது, நான்கு மாதத்தில் பிடுங்குவது, அதுதான் எங்களுக்குத் தெரிந்த விவசாயம். பிறந்து வளர்ந்து சாகிற இடத்தில் ஒரு கொய்யா மரம் இல்லாமல் வாழ்ந்தோம். அது தப்பு என்று யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

அக்காவை மொனராகலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தான். இவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். பிள்ளை கிடையாது. எங்களுக்கு இருந்தது ஒரே காம்பரா. நான், சம்சாரம், இரண்டு பெண்பிள்ளைகள் அதற்குள் படுக்கிறோம். அக்காவுக்கு இஸ்தோப்பைக் கொடுத்தோம். காம்பராவுக்கு முன்னால் கூரை இறங்குகிற திறந்த இடம், விறகும் செருப்பும் கிடக்கிற இடம், அதுதான் இஸ்தோப்பு. சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டாள். சாரல் அடித்தால் பாய் நனையும். ஒன்பது வருஷம் அங்கேதான் படுத்தாள்.

லயத்துக்குப் பின்னால் கான் வரைக்கும் ஒரு சரிவு இருக்கிறது. மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான், ஆள் இறங்கி நடக்கிற ஆழம். அந்தச் சரிவில் பாதி கல். நல்ல பாதியில் நான் கோவா போட்டிருந்தேன். கல்லுப் பாதியை அக்கா கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். வந்த மாதத்திலேயே குழி வெட்டினாள். ஒவ்வொன்றும் முழங்கை ஆழம் இருந்தால் போதும் என்றேன். இடுப்பு ஆழத்துக்கு வெட்டினாள். வெட்டின குழியை மூடாமல் ஒரு மாதம் வெயிலில் போட்டாள். பிறகு மாட்டுச் சாணம், காய்ந்த இலை, மேல்மண் என்று அடுக்கி நிரப்பினாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் யாரோ தின்று போட்ட பட்டர் புரூட் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து பால்மா டின்னில் முளைக்க வைத்திருந்தாள். அதையும், ஒரு தோடங்கன்றையும், ஒரு கொய்யாவையும் நட்டாள். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வந்தால் இளங்கன்று தீய்ந்து போகும். அதற்குக் காற்று வருகிற பக்கம் வரிசையாகச் செவ்வரத்தைக் கொப்புகளை நட்டு வேலி கட்டினாள். அடுத்த வருஷம் அந்த வேலி முழுக்கச் சிவப்பாகப் பூத்தது. கன்றுகளின் அடியில் மானாப் புல்லை அறுத்துப் பரப்பி வைப்பாள், மண் காயாது.

"மரம் வைக்காத அக்கா. கணக்கப்பிள்ள பாத்தா என்னயத்தான் அனுப்புவாரு."

"அனுப்பட்டும். நீதான வருவ. வா."

மூன்றாவது வருஷம் அனுப்பினார். தோடையையும் கொய்யாவையும் நான்தான் பிடுங்கினேன். பட்டர் புரூட்டைத் தேடினால் காணவில்லை. முதல் நாளே அவளே முழங்கால் உயரத்தில் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கம்பு ஊன்றிப் போஞ்சிக் கொடியை ஏற்றி மறைத்துவிட்டாள். கணக்கப்பிள்ளை போஞ்சியைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லவில்லை. தம்பிப் பாசம் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு மழை, எனக்கு அலுப்பு.

வெட்டிய கட்டையிலிருந்து மூன்று கிளை வந்தது. அந்தக் கல்லிலும் காற்றிலும் அது பாட்டுக்கு ஏறியது. தோட்டத்தை நடத்துகிற பழைய தொரை மாறிப் போய்ப் புதுசாக வந்தவர் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழாவது வருஷம் நான்கே நான்கு காய் காய்த்தது. நான்கையும் அக்கா என் பிள்ளைகளுக்குச் சீனி போட்டுப் பிசைந்து கொடுத்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். லயத்தை ஒட்டின நிலத்தில் வீட்டுக்குத் துண்டு துண்டாக அளந்து கொடுக்கப் போகிறார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் சொன்னார். யாருக்கு எந்தத் துண்டு என்று ஒருவன் கேட்டான். நிரந்தரப் பயிர் யாருடையது நிற்கிறதோ அந்த ஆளுக்கு முதல் இடம், மூன்று மாதப் பயிர் கணக்கில் வராது என்றார்.

பிறகு ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணன் இருக்காரே. அவரு கையால புடுங்குனதெல்லாம் திருப்பி நட்டுக் குடுப்பாரு."

சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து லயத்தில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொய்யாக் கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து மண்ணில் குத்தி வைத்தார்கள். வேர் இல்லாத வாழை, தலைகீழாக நட்ட கோப்பிக் குச்சி. ஒருவன் கோயில் அரளியையே பாதி வெட்டிக்கொண்டு வந்து நட்டான். எல்லாம் ஒரு வாரத்தில் காய்ந்தது. என் சம்சாரம் பின்வாசலில் நின்று சொன்னாள்: "ஊரு மரத்தயெல்லாம் புடுங்குனீங்க. நம்மகிட்ட என்னா இருக்கு? கோவா இருக்கு. சர்வேயர் வந்தா கோவாவ ஆக்கிக் குடுப்போம்."

எங்கள் லயத்துக்குப் பின்னால் அந்தச் சரிவில் ஒரு வீடு கட்டத்தான் இடம். இரண்டுக்கு இல்லை. அதில் நிற்கிற ஒரே மரம் அக்காவுடையது. அவளுக்கும் அது தெரியும். நான் போய்க் கேட்டேன்.

"அக்கா, எடத்த என் பேருல எழுதட்டும். நீ எங்கூடயே இரு."

"எங்க, இஸ்தோப்புலயா?"

"ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு எனக்கு."

"எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்த மரந்தான் இருக்கு."

சாக்கை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் கொடுத்த கல்லு, நான் காட்டிக் கொடுக்காத மரம். அதை வைத்து என்னையே வெளியே நிறுத்துகிறாள். இப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வருஷம் வெளியே படுத்தவள் அவள்தான் என்று அப்போது தோன்றவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அக்கா கால் வீக்கத்துக்கு மருந்தெடுக்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சம்சாரம் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். பகல் பதினொரு மணி. மழைக்காலத்தில் பட்டை ஈரமாக இருக்கும், வாழைப்பழத் தோல் மாதிரி உரியும். அடியில் மானாப் புல்லைத் தள்ளினேன். மண்ணைத் தோண்டி, மூன்று கிளைக்கும் கீழே, மண் மட்டத்துக்கும் கீழே, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை எடுத்தேன். கால் மணி நேர வேலை. மண்ணைத் தள்ளி மூடினேன். புல்லைத் திரும்பப் பரப்பினேன். உரித்த பட்டையைக் கானில் வீசினேன், தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. சர்வேயர் வருவதற்குள் இலை பழுத்துக் கொட்டும், மரம் இல்லையென்றால் துண்டு குடும்பக்காரன் எனக்கு வரும் என்பது என் கணக்கு.

அங்கேதான் நான் முட்டாள். எனக்குச் சவுக்கு மரம் தெரியும். பழ மரத்துக்குப் பட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. நான் ஜன்மத்தில் ஒரு பழ மரத்தை வளர்த்தவனில்லை, பிடுங்கினவன். கீழே இறங்க வேண்டிய சத்தெல்லாம் மேலேயே நிற்கும். மரம் செத்துக்கொண்டிருக்கும்போதே வெறி பிடித்த மாதிரிப் பூக்கும்.

தை மாதம் பூத்தது. மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பூ, இலையே தெரியவில்லை. தேனீ இரைகிற சத்தம் காம்பராவுக்குள் கேட்டது. லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரி போன அன்னக்கி தம்பி வேரக் கிண்டி எருப் போட்ருக்கான். வந்து பாத்தா மண்ணு புதுசா கெடந்துச்சு. நல்லவன் மாதிரி வாயத் தொறந்து சொல்லவுமில்ல."

பக்கத்துக் காம்பராக்காரன் என் தோளில் தட்டினான். "என்னா மச்சான் எரு போட்ட? நம்ம டின்னுல வச்சிருக்க எலுமிச்சங்கன்னுக்கும் கொஞ்சம் போடேன்."

"போடுறேன்" என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து அக்கா ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி எனக்கு வந்தது. காய்ந்த மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு. நான் தின்றேன். தொண்டையில் நிற்கவெல்லாம் இல்லை. நன்றாக இறங்கியது.

சர்வேயர் பங்குனியில் வந்தார். சிங்கள ஆள், தமிழ் ஓரளவு பேசுவார். தலைவரும் தோட்டத்து ஆபிஸிலிருந்து ஒருவரும் கூட வந்தார்கள். லயமே பின்னால் வந்தது. மரத்தில் கொப்புக்குக் கொப்பு பாக்கு அளவில் பிஞ்சு தொங்கியது. சர்வேயர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது நல்ல மரம் தானே. யார் வச்சது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"வேற யாரும் மரம் வச்சது இருக்கா இதில?"

இல்லை என்று தலைவர் தலையாட்டினார். சர்வேயர் பலகையில் காகிதத்தை வைத்து அக்காவின் பேரைக் கேட்டார். எழுத ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. வாய் திறந்துவிட்டது.

"அந்த மரம் செத்த மரங்க. எழுதாதீங்க."

"என்ன?"

"அடுத்த வருசம் இருக்காது. அடியில பட்ட இல்ல."

"ஒனக்கெப்பிடித் தெரியும்?" என்று தலைவர் கேட்டார்.

குனிந்து புல்லைத் தள்ளினேன். கையாலேயே மண்ணைத் தோண்டினேன். வளையம் தெரிந்தது. வெளியே கறுத்துப் போயிருந்தது, ஆனால் ஓரம் இரண்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி எடுக்கிற கை ஒன்றுதான். எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சைக்கு எரு கேட்டவன் காறித் துப்பினான். என் சம்சாரம் கூட்டத்திலிருந்து விலகி வீட்டுக்குள் போனாள்.

சர்வேயர் குனிந்து பார்த்தார். மேலே பிஞ்சுகளைப் பார்த்தார்.

"இன்னக்கி எல இருக்கு, காய் இருக்கு. நான் எழுதறது இன்னக்கி உள்ளது. அடுத்த வருசம் நான் எழுத வரல்ல தானே."

எழுதி முடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார். கூட்டமும் அவர் பின்னாலேயே போனது. நானும் அக்காவும் நின்றோம். அவள் உட்கார்ந்து வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"சுத்தமாத்தான் எடுத்துருக்க" என்றாள்.

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் கத்த வசதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ஹாலிஎலவுக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே விவசாய ஆபிஸில் யாரையோ கேட்டிருக்கிறாள். பின்னேரம் வந்து இஸ்தோப்பில் நின்றாள். காம்பராவுக்குள் வரவில்லை.

"கத்திய எடுத்துக்கிட்டு வா."

"என்னாத்துக்கு?"

"வெட்டுனவந்தான் ஒட்டணும். எங்கையி நடுங்கும்."

அவள் கேட்டுக்கொண்டு வந்தது இதுதான்: அதே மரத்தின் விரல் தடிமன் குச்சிகளை வெட்டி, இரண்டு முனையையும் சீவி, ஒரு முனையை வளையத்துக்குக் கீழே இருக்கிற பட்டைக்குள், மறு முனையை மேலே இருக்கிற பட்டைக்குள் செருக வேண்டும். பாலம் மாதிரி. பிடித்துக்கொண்டால் சத்து அது வழியாக வேருக்கு இறங்கும். தலைகீழாகச் செருகினால் பிடிக்காது. மேல் முனை மேலேதான் இருக்க வேண்டும்.

பத்துக் குச்சி செருகினேன். சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு செருகினேன். அட்டை ஏறிக் கழுத்தெல்லாம் இரத்தம். அக்கா உப்புத் தடவிய துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், கொடுக்கவில்லை. செருகின இடத்தைத் தேன்மெழுகால் மூடி, சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டினேன். பிஞ்சு அத்தனையையும் பறித்துவிட வேண்டும், இல்லையென்றால் மரம் தாங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் என்னையே பறிக்கச் சொன்னாள். மூன்று சாக்கு. கீழே நின்று ஒவ்வொரு கொப்பாகக் காட்டினாள். ஒரு பிஞ்சு விட்டிருந்தாலும் "அங்க ஒண்ணு" என்பாள். ஒன்பது வருஷம் காத்திருந்த காய். அவள் முகத்தை நான் மேலிருந்து பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்தில் ஆறு குச்சி காய்ந்தது. நான்கு பிடித்தது. அந்த வருஷம் கச்சான் காற்றில் மூன்று கிளையில் ஒன்று மொட்டையாகிச் செத்தது. இரண்டு நின்றது.

அக்காவுக்குத் துண்டு கிடைத்தது. தகரமும் பலகையும் வைத்து ஒரு அறை கட்டிக்கொண்டாள். என் கோவாப் பாத்தியும் அவள் வேலிக்குள் போனது. நாங்கள் இன்னும் லயத்தில்தான். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டால் நேராக அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், படிக்க மேசை அங்கேதான் இருக்கிறது. சம்சாரமும் வேலை முடிந்து அங்கேதான் தேத்தண்ணி குடிக்கிறாள். எனக்கு அங்கே போக வழி இல்லை. அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

இந்த வருஷம் அந்த மரம் ஒழுங்காகக் காய்த்தது. அக்கா கூடையில் எடுத்துக்கொண்டு காம்பரா காம்பராவாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். தோடை மரத்துக்காரருக்கு இரண்டு கொடுத்தாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் போய் அடுத்த காம்பராவில் கொடுத்தாள். எங்கள் பங்கைப் பிள்ளைகள் அங்கேயே தின்றுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் வாயில் மணம் வந்தது.

போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா என் சம்சாரத்திடம் பேசுவது கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

"காஞ்ச கெளய இன்னும் வெட்டல. காத்துல தகரத்து மேல விழுந்துரும். ஒன் வீட்டுக்காரன வரச் சொல்லு."

"இப்பயே வரச் சொல்றேன் மதினி."

"வாசப்பக்கமா வரவேணாம். கான் வழியா வரச் சொல்லு."

கத்தியை எடுத்துக்கொண்டு கானில் இறங்கிப் போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். வெட்டி முடிக்கிற வரைக்கும் அவள் அடிமரத்துப் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.